தேர்வு வாரத்தில் மட்டும் வராத வயிற்றுவலி: 13 வயதுப் பையனின் மன அழுத்தம், ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பையன் தனி ஒருவன் அல்ல. பதின்பருவத்தின் வாசலில், 11 முதல் 14 வயதுக்குள், வயிற்றுவலி, தலைவலி, பள்ளிக்குப் போக மறுப்பு என்று ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் விவரங்களைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. பையனும் குடும்பமும் பள்ளியும் கற்பனை. இடையிடையே சொல்லப்படும் ஆய்வுகள் மட்டும் உண்மையில் நடந்தவை.

வந்த காரணம்

வயது 13, எட்டாம் வகுப்பு. மூன்று மாதமாகக் காலையில் வயிற்றுவலி. தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்கிறான். சில நாள் குமட்டல், ஆனால் வாந்தி இல்லை. பள்ளி வண்டி கிளம்பும் நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகும். வண்டி போய் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் லீவு என்பது வழக்கமாகிவிட்டது.

குழந்தைகள் நல மருத்துவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். ரத்தம், சிறுநீர், மலம், வயிற்று ஸ்கேன் எல்லாமே சரியாக இருந்தன. எடை குறையவில்லை, உயரம் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. காய்ச்சல் இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இல்லை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் ஆலோசனை அறைக்கு வரும் முன் மருத்துவரிடம்தான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். 'மனசுதான் காரணம்' என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவது, எதுவுமே பார்க்காமல் இருப்பதைவிட ஆபத்தானது.

முதல் சந்திப்பில் பெற்றோர் இருவரும் வந்தார்கள். அம்மா ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னுட்டாங்க. அப்ப வலி எங்கேருந்துதான் வருது?" என்று கேட்டார். அப்பா அதற்குள், "வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை வலிக்குதான்னு கேளுங்க" என்றார். பையன் இருவரையும் பார்க்காமல் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தான்.

வீட்டில் மூன்று காரணங்கள் பேசப்பட்டன. தேர்வு பயம் என்றார் அம்மா. போன் என்றார் அப்பா. சாப்பாடு சரியில்லை என்றார் பாட்டி. பையனிடம் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. நிறையவே கேட்டிருந்தார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில், வண்டி வரும் நேரத்தில்.

வலி உண்மைதானா?

உண்மைதான். இதை அப்பாவுக்கும் பையனுக்கும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னதுதான் இந்த வழக்கில் முதல் திருப்பம்.

1958இல் ஆப்லி, நெய்ஷ் என்ற இரு மருத்துவர்கள் பிரிட்டனில் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். பத்தில் ஒருவருக்குச் சற்று மேல், அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி இருந்தது. பெரும்பாலானோரிடம் உடல் நோய் எதுவும் கிடைக்கவில்லை. குடலின் சுவரிலேயே பெரிய நரம்பு வலை ஒன்று இருக்கிறது. வேகஸ் நரம்பு வழியாகவும் தண்டுவடம் வழியாகவும் மூளையோடு அது இடைவிடாமல் தகவல் பரிமாறிக்கொள்கிறது. ஆபத்து என்று மூளை முடிவெடுத்தால், மூளையில் உள்ள ஹைப்போதாலமஸ், அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் என்று செய்தி இறங்கி, அழுத்த ஹார்மோனான கார்டிசால் சுரக்கும். அதற்கு முன்பே அட்ரினலின் வேலையைத் தொடங்கியிருக்கும். இரைப்பை மெதுவாகும், பெருங்குடல் வேகமெடுக்கும், சாதாரண நாளில் உணராத குடல் அசைவுகூட வலியாகத் தெரியும். ஒலிபெருக்கியின் சத்தத்தை யாரோ கூட்டி வைத்த மாதிரி: பேசுவது அதே குரல், கேட்பது மட்டும் பல மடங்கு. ஸ்கேனில் இது தெரியாது.

அப்பா சொன்ன ஞாயிற்றுக்கிழமைக் கணக்கும் சரிதான், முடிவு மட்டும் தவறு. லீவு நாளில் வலிக்கவில்லை என்பது நடிப்புக்குச் சாட்சி அல்ல. அழுத்தத்தோடு சேர்ந்து வரும் வலி அப்படித்தான் நடந்துகொள்ளும்.

குறிப்பேடு சொன்னது

இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பேடு எழுதச் சொல்லப்பட்டது. எழுத வேண்டியது பையன் மட்டும், அதுவும் ராத்திரி: வலி எத்தனை மணிக்கு, பத்துக்கு எவ்வளவு, அன்றைக்கு எத்தனை மணி நேரத் தூக்கம், அன்றைய பாடவேளைகள் என்னென்ன. அம்மா எழுதக்கூடாது என்பது நிபந்தனை.

முதலில் பொய்யானது தேர்வு பயம் என்ற கணிப்பு. அந்த இரண்டு வாரத்தில் நான்கு நாள் தேர்வு நடந்தது. நான்கு நாளும் வலி பூஜ்யம். அவனே எழுதியிருந்தான், "எக்ஸாம், ஒண்ணும் இல்ல" என்று. திங்களும் புதனும் ஏழு, எட்டு. மற்ற நாளில் ஒன்று, இரண்டு. கால அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது திங்களுக்கும் புதனுக்கும் பொதுவாக ஒன்றுதான் இருந்தது. அன்று மொழிப்பாடம் முதல் வேளை. அந்த ஆசிரியர் வரிசையாக ஒவ்வொருவரையும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்வார்.

"வாசிக்கிறது பிடிக்காதா?" என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் வரவில்லை. அன்றைக்கு அவன் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், தன் நண்பன் வாசிக்கும்போது எப்படித் திணறுவான் என்று. அப்புறம் அவனாகவே, "என் டர்ன் வர்றதுக்கு முன்னாடி எனக்கு எந்த பாரா வரும்னு எண்ணிடுவேன் சார். மூணு பேர் இருக்கறப்ப பாத்ரூம் போறேன்னு கேட்டுடுவேன்" என்றான். எண்ணுவது மட்டும் இல்லையாம். தன் பத்தியில் உரக்கச் சொல்ல வேண்டிய இடம், கேள்விக்குறி வரும் இடம், நீளமான வரி எல்லாவற்றையும் பென்சிலால் மெல்லப் புள்ளி வைத்துக்கொள்வானாம். அங்கெல்லாம்தான் குரல் பிசிறும்.

மகரக்கட்டு உடையும் வயது, சிறுவர் குரல் ஆண் குரலாக மாறும் பருவம். ஆறாம் வகுப்பு வரை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் செய்தி வாசித்தவன் இவன்தான். மூன்றரை மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, வாசித்துக்கொண்டிருந்தபோது குரல் கீச்சென்று மேலே போய்விட்டது. வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் லேசாகச் சிரித்துவிட்டார். அதிலிருந்து ஒரு பட்டப்பெயர். அதை அவன் கடைசிவரை சொல்லவில்லை, நாங்கள் வற்புறுத்தவும் இல்லை.

வேறு எதைப் பார்த்தோம்

பையனைத் தனியே வைத்துக் கேட்ட கேள்விகள் சில உண்டு. யாராவது அடிக்கிறார்களா, தொடக்கூடாத விதத்தில் யாராவது தொட்டார்களா, வீட்டில் பயமாக இருக்கிறதா, உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதா. கடைசிக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்கவே பெரியவர்கள் பயப்படுகிறார்கள், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. கேட்காமல் விட்டால் இருக்கிற எண்ணம் நமக்குத் தெரியாமல் போகும். இவனுக்கு இவை எதற்கும் 'ஆம்' இல்லை.

விளையாட்டில் ஆர்வம் குறையவில்லை, நண்பர்களோடு பேச்சு இருக்கிறது, பசி இருக்கிறது. மனச்சோர்வு நோய்க்கான படம் இல்லை. சத்தமாக வாசிக்கத் தயங்கும் பிள்ளைக்கு வாசிப்புக் குறைபாடோ திக்குவாயோ இருக்கலாம் என்பதால் தனியே ஒரு பக்கம் வாசிக்கவைத்துப் பார்த்தாயிற்று. தங்குதடையின்றி வாசித்தான், மிகத் தாழ்ந்த குரலில்.

தூக்கம் மட்டும் மோசம். 12 மணிக்கு மேல் படுத்து 6 மணிக்கு எழுகிறான். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. பருவமடையும்போது உடலின் தூக்கக் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது, தூக்க நேரத்தை உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் முன்பைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. ஆகவே சீக்கிரம் தூக்கம் வராததை வெறும் அடம் என்று சொல்ல முடியாது. போனும் காரணம்தான், அப்பா சொன்னதில் பாதி சரி. ஆனால் ஞாயிறும் செவ்வாயும் ராத்திரி போன் அதிக நேரம் போனது என்பதைக் குறிப்பேடு காட்டியது. மறுநாளை நினைக்காமல் இருக்க அவன் பிடித்துக்கொண்டது அது.

எங்கள் புரிதல்

ஒரு வகுப்புச் சிரிப்பு மூன்று மாத வயிற்றுவலியாக எப்படி நீளும்? பெரியவர் கண்ணுக்கு இது அற்பம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்குக் கார்டிசால் ஏறவைக்க வேண்டும் என்று ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993இல் ஒரு முறையை வகுத்தபோது, மின் அதிர்ச்சியையோ பனிக்கட்டியையோ தேடிப் போகவில்லை. முகபாவம் காட்டாத நடுவர்கள் முன் நின்று பேசவைத்தார்கள், பிறகு மனக்கணக்குப் போடவைத்தார்கள். இன்றுவரை உலகெங்கும் அந்தச் சோதனை பயன்படுகிறது. பிறர் எடைபோடும்போது நம் உடல் நம் வசத்தில் இல்லை என்பதே பெரியவர்களுக்கும் பலத்த அழுத்தம். இந்தப் பையனின் வகுப்பறையில் முப்பது நடுவர்கள் இருந்தார்கள், அவர்கள் முகபாவமும் காட்டினார்கள்.

இந்த வயதுக்கே உரிய ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு. 1967இல் உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் இதை 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்ற கருத்தாக விவரித்தார். உயரம், பரு, வியர்வை, மார்பு, குரல் என்று உடல் வாரத்துக்கு ஒரு விதமாக மாறும் காலத்தில்தான் இந்தப் பார்வையாளர்களும் வந்து உட்காருகிறார்கள்.

ஆனால் சிரிப்பு தொடக்கம் மட்டுமே. வலியை வாரா வாரம் உயிரோடு வைத்திருந்தது வீடு. வலிக்கிறது என்றான், லீவு கிடைத்தது, ஒரு மணி நேரத்தில் வலி போனது. தப்பித்தோம் என்று மூளை குறித்துக்கொண்டது. அடுத்த திங்கள் அது இன்னும் சீக்கிரமாகவே மணியடித்தது. இடையில் அம்மாவின் அன்பான விசாரிப்பு வேறு: ராத்திரி "நாளைக்கு வலிக்காதுல்ல?", விடிந்ததும் "இப்ப எப்படிடா இருக்கு?", பல் தேய்க்கும்போது இன்னொரு தடவை. வயிற்றை மறந்திருந்தாலும் நினைவூட்டிவிடும் கேள்விகள். கெட்ட எண்ணம் கொண்டவர் இந்த வீட்டில் யாருமே இல்லை. ஆளுக்கொரு விதமாக உதவியதுதான் சுழற்சியை ஓட்டியது.

என்ன செய்தோம்

பெற்றோரிடமிருந்தே தொடங்கினோம். பையனுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற எதிர்பார்ப்போடுதான் பெரும்பாலான குடும்பங்கள் வருகின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு பதற்ற நோய் உள்ள 7 முதல் 14 வயது வரையான 124 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தது, 2020இல் வெளியானது. ஒரு பாதிக்கு, பிள்ளைகளோடு நேரடியாகச் செய்யும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. மறுபாதியில் பிள்ளைகளைச் சந்திக்காமல் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. பதற்றம் குறைவதில் இரண்டாவது வழி முதலாவதற்குச் சளைக்கவில்லை.

அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: வயிற்றைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவனாகச் சொன்னால் ஒரே வாக்கியம், "தெரியுதுப்பா, கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா உன்னால சமாளிக்க முடியும்", பிறகு வேறு பேச்சு. அவருக்கு இது பிடிக்கவே இல்லை. "கேக்காம இருந்தா பெத்தவளா நான்?" என்றார். அவருக்குச் சொல்லப்பட்டது லின் வாக்கர் என்ற உளவியலாளரின் குழு செய்த 2006 ஆய்வு. பிள்ளைகளை நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து வயிற்றில் லேசான அசௌகரியத்தை உண்டாக்கினார்கள். சில பெற்றோர் அதையே விசாரித்து ஆறுதல் சொன்னார்கள், சிலர் பேச்சை மாற்றினார்கள், சிலருக்கு எந்த அறிவுரையும் இல்லை. விசாரித்தபோது புகார்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கானது, பேச்சை மாற்றியபோது பாதியாகக் குறைந்தது. பேச்சை மாற்றியதுதான் நன்றாக இருந்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள். வலியால் அவதிப்படும் பிள்ளைகளின் பெற்றோரோ, பேச்சை மாற்றுவதுதான் கெடுதல் செய்யும் என்று நினைத்தார்கள். இதைக் கேட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, ரெண்டு வாரம் பாக்கறேன்" என்றார்.

அப்பா 'நடிப்பு' என்ற வார்த்தையை விட வேண்டும். விட்டார், பெரும்பாலும்.

வீட்டுக்கு ஒரு விதி எழுதினோம். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் பள்ளி, தாமதமானாலும் பரவாயில்லை. வீட்டில் இருக்கும் நாள் படுக்கை ஓய்வுதான், போனும் டிவியும் கிடையாது. முந்தைய நாள் ராத்திரியே அப்பா இதைச் சொல்லிவிட வேண்டும், காலையில் பேரம் பேசக்கூடாது.

பள்ளியில் பேசியபோது மொழி ஆசிரியர் நல்ல மனதோடு, "இனிமே அவனை வாசிக்கச் சொல்லவே மாட்டேன்" என்றார். அதை மறுக்க வேண்டியிருந்தது. நிரந்தர விலக்கு என்பது வீட்டு லீவின் இன்னொரு வடிவம். பதிலாக ஏற்பாடு இப்படி: முதல் இரண்டு வாரம் பக்கத்து மாணவனோடு சேர்ந்து வாசிப்பது. அடுத்த இரண்டு வாரம் தனியாக, எந்தப் பத்தி என்று முந்தைய நாளே சொல்லிவிடுவது. அதன்பின் எல்லாரையும் போல வரிசையில். வாசிப்பு நடுவே கழிப்பறை இல்லை. பட்டப்பெயர் விஷயத்தை, இவன் பெயரை இழுக்காமல் வகுப்பாசிரியர் பார்த்துக்கொண்டார்.

பையனிடம் முதலில் பேசியது குரலைப் பற்றி. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கூடும்போது குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, ஆண் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. புதிய நீளத்துக்குத் தசைகள் பழகும்வரை பிசிறும். பெரும்பாலும் சில மாதங்களிலிருந்து ஓராண்டுக்குள் நிலைக்கு வரும். "அப்ப இது எல்லாருக்கும் வருமா?" என்று கேட்டான். வரும், சிலருக்கு வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

மெதுவாக மூச்சை வெளிவிடும் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தோம். இரண்டு நாள் செய்துவிட்டு, "அது ஒண்ணும் பண்ணல சார்" என்றான். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் நீளமாக விடுவது இதயத் துடிப்பைத் தணிக்கும், பலருக்குக் கைகொடுக்கும். ஆனாலும் மூச்சுப்பயிற்சிக்கு இன்று தேவைக்கு மேல் விளம்பரம் கிடைத்துவிட்டது என்பது என் எண்ணம். பயப்படும் இடத்துக்குப் போகாமல் வீட்டிலேயே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை மாறாது.

வேலை செய்தது படிப்படியாக நெருங்கியதுதான். முதலில் தன் குரலைப் போனில் பதிந்து கேட்டான். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டான், ஆனால் கேட்டான். பிறகு ஆலோசகர் முன், பிறகு சித்தப்பா மகன் முன் வாசித்தான். அடுத்த படி அவனுக்கே விளையாட்டாகிவிட்டது: வேண்டுமென்றே குரலைக் கீச்சிடவைத்து வாசிக்க வேண்டும். அதற்கு முன் என்ன நடக்கும் என்று எழுதி வைக்க வேண்டும். "எல்லாரும் சிரிப்பாங்க, ஒரு வாரம் சொல்லிக்காட்டுவாங்க" என்று எழுதினான். நடந்ததை வகுப்பில் அவனே எண்ணிப் பார்த்தான்: சிரித்தது இரண்டு பேர், ஒருவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான், மற்றவர்கள் தங்கள் பத்தியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் எண்ணுகிறார்கள் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரின் குழு, கல்லூரி மாணவர்களைச் சங்கடமான சட்டை போடவைத்து மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பி, 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலும் இப்படித்தான். அறையில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்.

தூக்கத்துக்குச் செய்தது குறைவு. எழும் நேரத்தை எல்லா நாளும் ஏறக்குறைய ஒன்றாக்கியது, போனை ராத்திரி வரவேற்பறையில் சார்ஜ் போட்டது. அப்பாவின் போனும் அங்கேயே. அது பையன் வைத்த நிபந்தனை.

போக்கு

முதல் வாரம் நிலைமை மோசமானது. வலி பத்துக்கு ஒன்பது என்று எழுதினான், ஒரு நாள் வண்டியில் ஏற மறுத்து அழுதான். அம்மா போனில், "இது சரியா வரல" என்றார். வழக்கமாகக் கிடைத்த லீவு கிடைக்காதபோது வலி முதலில் கூடிவிட்டுத்தான் குறையும் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் தாங்கினார். அன்று அவன் இரண்டாம் பாடவேளைக்குப் போய்ச் சேர்ந்தான்.

மூன்றாம் வாரம் திங்களும் புதனும் நேரத்துக்குப் போனான். இரண்டு மாத முடிவில் எடுத்த லீவு ஒன்றுதான், உண்மையான காய்ச்சலுக்கு. வலி முழுதாகப் போகவில்லை. திங்கட்கிழமை இரண்டு, மூன்று என்று எழுதுகிறான், எழுதிவிட்டுக் கிளம்புகிறான். விடுமுறை முடிந்த முதல் திங்கள் மறுபடி ஏழு. அதே விதியைத் திரும்பப் பிடித்ததும் ஒரு வாரத்தில் இறங்கியது. தூக்கம் ஏழு மணி நேரத்தைத் தாண்டவில்லை. அதில் நாங்கள் ஜெயிக்கவில்லை.

இந்த வழி பலிக்காத பிள்ளைகளும் உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் அசைவே இல்லை, பயம் பள்ளியைத் தாண்டி எல்லா இடத்துக்கும் பரவுகிறது, சாப்பாடு நின்றுவிட்டது, தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள், சாவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் மனநல மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும். கடைசி மூன்றில் ஒன்று இருந்தால் ஆறு வாரம் பார்க்கவே கூடாது. பதற்ற நோய் உறுதியான 7 முதல் 17 வயது வரையான 488 பேரைக் கொண்டு 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் நன்கு தேறினார்கள், செர்ட்ராலின் மருந்து மட்டும் பெற்றவர்களில் 55, இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 81, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24. மருந்து என்றதும் எழுந்து ஓட வேண்டியதில்லை. இந்தப் பையனுக்கு அது தேவைப்படவில்லை.

தீராத ஒன்று மிச்சம். பிரார்த்தனைக் கூட்டத்தில் மறுபடி செய்தி வாசிக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். பையன், "முடியும் சார், ஆனா எனக்கு இப்ப அதுல இன்ட்ரஸ்ட் இல்ல" என்றான். இது பயமா, விருப்பம் மாறியதா என்று பார்க்க ஒரு நாள் மட்டும் வாசிக்கச் சொன்னோம். வாசித்தான், குரல் ஒரு முறை பிசிறியது, திரும்பி வந்து அதே பதிலைச் சொன்னான். அவன் பக்கம்தான் நின்றோம். அப்பாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

கடைசிச் சந்திப்பில் அவன் கையெழுத்திலேயே ஒரு தாள் தயாரானது: வலி திரும்பினால் முதலில் எந்தப் பாடவேளையை நினைத்து வருகிறது என்று பார்ப்பது, அன்றே போவது, மூன்று நாள் தொடர்ந்து முடியாமல் போனால் ஆலோசகரைக் கூப்பிடுவது. எடை குறைவு, மலத்தில் ரத்தம், ராத்திரி எழுப்பும் வலி, தொப்புளை விட்டு ஒரு பக்கமாக நிற்கும் வலி என்றால் நேராக மருத்துவர். அடுத்த சந்திப்பு ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய இரண்டாம் வாரத்துக்குக் குறிக்கப்பட்டது. புது ஆசிரியர் எப்படி வாசிக்கவைக்கிறார் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.